பார்வையற்றவர் சமையலுக்கு அடுப்பும் குக்கரும் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

எனக்குப் பார்வை கிடையாது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த புதிதில் அண்ணன் ஆசையாக ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொண்டு வந்தான். "தீயே இல்லம்மா, உனக்கு இதுதான் பாதுகாப்பு" என்றான். பிளக்கைச் செருகிவிட்டு மேலே தடவினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வழவழவென்று கண்ணாடி. பட்டனைத் தேடி விரலை வைத்தாலே அழுத்தியதாகக் கணக்கு. இரண்டு முறை பீப் என்றது. எதை ஏற்றினேன், எதை இறக்கினேன், ஒன்றும் விளங்கவில்லை. அந்த அடுப்பு இப்போது அண்ணன் வீட்டில்தான் டீ போடுகிறது.

தீ இல்லையென்றால் ஆபத்தில்லை என்று நினைத்து வாங்குவதுதான் பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு. கேஸ் அடுப்பு பற்றினால் 'பக்'கென்று கேட்கும், புறங்கையில் அனல் தெரியும், திருகைத் தொட்டால் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இண்டக்‌ஷனில் பாத்திரத்தை இறக்கிய பிறகும் அதன் சூடு ஏறிய கண்ணாடி சுடும். அடுப்பு ஓடுகிறதா நின்றதா என்பதைச் சின்ன விளக்குதான் காட்டும். இண்டக்‌ஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுத்தினால் அமுங்குகிற பட்டன் வைத்த மாடல்கள் கிடைக்கின்றன. ஆன் செய்ததும் எப்போதும் ஒரே வாட்டில் தொடங்குமா, கூட்டவும் குறைக்கவும் தனித்தனிப் பட்டன் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 1,200 வாட்டில் தொடங்குகிறது என்று தெரிந்தால், அதற்குப் பிறகு பீப்பை எண்ணியே காலம் தள்ளலாம்.

கேஸ் அடுப்பிலும் ஒரு தவறு உண்டு. விலை குறைவு என்று லைட்டரால் பற்றவைக்கும் அடுப்பை வாங்குவது. கேஸைத் திறந்துவிட்டு லைட்டரோடு பர்னரைத் தேடுவதற்குள் கேஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் கீழேயே தேங்கும். திருகிலேயே பொறி வருகிற ஆட்டோ இக்னிஷன் அடுப்பென்றால் கை பர்னர் பக்கமே போக வேண்டாம். இன்னொன்று, நம் ஊர் அடுப்புகளில் பெரும்பாலும் கால் சுற்றில் பெரிய தீ, கடைசிவரை திருப்பினால்தான் சிம். புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு பாலைப் பொங்கவிடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

'திருகு இருந்தால் போதும்' என்பதும் ஏமாற்றம்தான். மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர்களில் முடிவே இல்லாமல் சுற்றும் திருகு வருகிறது; எண் திரையில்தான் ஓடும். நமக்கு வேண்டியது பூஜ்யத்தில் முட்டி நிற்கும் திருகு. அதில் மூக்குபோல ஒரு மேடு இருந்தால் இன்னும் நல்லது.

'எத்தனை வசதி இருக்கிறதோ அத்தனை நல்லது' என்று பதினாறு மெனு வைத்த ரைஸ் குக்கரைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரே ஒரு நெம்புகோல் வைத்த பழைய மாதிரி ரைஸ் குக்கர்தான் என் பார்வையில் ராஜா. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு மேலே ஏறும், உள்ளே இருக்கும் காந்தம் பிடியை விடும், நெம்புகோல் 'டக்'கென்று மேலே எழும். அடுத்த அறையிலிருந்தும் அந்தச் சத்தம் கேட்கும். கேட்காவிட்டாலும் விரலால் தொட்டால் போதும்: கீழே இருந்தால் வேகிறது, மேலே இருந்தால் ஆயிற்று.

இதை இயக்கப் போனில் செயலி இருக்கிறது, டாக்பேக் (திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஆண்ட்ராய்டு போன் வசதி) படித்துவிடும் என்று கடைக்காரர் சொல்வார். வாங்குமுன் உங்கள் போனிலேயே அந்தச் செயலியை இறக்கிப் பாருங்கள். பெயர் வைக்காத பட்டன்களாக இருந்தால் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் படிக்கும். வைஃபை போனால் பெரும்பாலும் அந்தச் செயலியும் கைவிட்டுவிடும்.

படத்தைப் பார்த்து வீட்டார் ஆன்லைனில் வாங்குவதைக் கூடியவரை தவிருங்கள். சமைக்கிறவரே கடைக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு கூத்து நடக்கும்: விற்பனையாளர் கூட வந்தவரிடம்தான் பேசுவார். "அவங்களுக்கு இது சரிப்படுமா மேடம்?" என்று என் நாத்தனாரிடம் கேட்டார் ஒருவர். "கரண்ட் போட்டுக் குடுங்க, நானே சொல்றேன்" என்றேன். காட்சிக்கு வைத்த மாடல் பெரும்பாலும் உயிரில்லாமல்தான் கிடக்கும். ஓடவைக்காமல் பணம் கொடுக்காதீர்கள். மிக்ஸி என்றால் ஜாரை நீங்களே மாட்டிக் கழற்றுங்கள், அடியில் ஓவர்லோடு பட்டன் (மோட்டார் திணறி நின்றால் மறுபடி ஓட அழுத்துவது) கைக்கு அகப்படுகிறதா பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் நுகர்பொருள்கள் வர அரசு வழிசெய்ய வேண்டும் என்று 43-ஆவது பிரிவே இருக்கிறது. கடை அலமாரியில் என்னவோ கண்ணாடிதான் கூடிக்கொண்டு போகிறது.

வாங்கியபின் அடையாளம் வைப்பதிலும் அவசரம் கூடாது. எல்லாப் பட்டனிலும் ஒட்டினால் எதுவுமே அடையாளமாகாது. நிறுத்தும் பட்டனுக்கு ஒன்று, அடிக்கடி தொடுவதற்கு ஒன்று, அவ்வளவுதான். டச் பலகையில் பட்டனின் மேலே ஒட்டாமல் பக்கத்தில் ஒட்டுங்கள். இதற்கென்று விற்கும் வெளிநாட்டுப் புடைப்புப் புள்ளிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. திருகுக்கு எம்-சீல் ஒரு துளி, பட்டனுக்குக் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு. என் மைக்ரோவேவின் நெற்றியில் இரண்டு இருக்கின்றன. அம்மா வரும்போதெல்லாம் துடைக்கிறேன் என்று உரித்துவிடுவாள்; அதனால் ஓர் அட்டைப் பொட்டு எப்போதும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.