பம்புசெட் தொட்டியில் இறங்கும் குழந்தைக்கு நீச்சல் டயப்பர்

மேட்டூர் திறந்து அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. போன ஆடியில் ஒன்றரை வயதுச் சின்னவனைச் சாதாரண டயப்பரோடு பம்புசெட் தொட்டியில் இறக்கினேன். ஐந்தே நிமிடம், தண்ணீரைக் குடித்து உப்பி, தொடைக்குக் கீழே தொங்கிவிட்டது.

துவைத்துத் துவைத்துப் போடும் நீச்சல் டயப்பர் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அது சிறுநீரைத் தாங்காது, மலத்தைத்தான் வெளியே விடாமல் பிடிக்கும். அதனால் வீட்டிலிருந்தே போட்டுக் கிளம்பாதீர்கள், வண்டி சீட்டு நனைந்துவிடும். இறங்கும்முன் மாட்டினால் போதும்.

வாங்கும்போது தொடையையும் இடுப்பையும் சுற்றி வரும் எலாஸ்டிக்கைப் பாருங்கள். இடைவெளி தெரியக்கூடாது, தோலில் சிவந்த தடம் பதிந்தால் இறுக்கம். வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய அளவு எடுத்தால் வாங்கியதே வீண். பக்கவாட்டில் பட்டன் வைத்ததை எடுங்கள், அழுக்கானால் கால் வழியே இழுக்காமல் கழற்றலாம்.

அரைமணிக்கு ஒருமுறை பார்த்து, தொட்டியை விட்டுத் தள்ளிப்போய் மாற்றுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் எந்த டயப்பரும் போதாது. அன்றைக்கு வீட்டு அண்டாவில் தனியாகக் குளிக்கட்டும்.