எல்லாம் ஒரே போனில்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் முதலில் போனது கரண்ட். டவர்களுக்கும் மின்சாரம் இல்லாமல் போக, சிக்னலும் போய்விட்டது. ஜிபேயை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வங்கியில் எவ்வளவு இருந்தும் அன்றைக்குப் பயனில்லை. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் நாடு முழுக்கப் பல மணி நேரம் யுபிஐ தடுமாறியது. அதே ஆண்டு மார்ச் 26-லும் இதே கதைதான்.

போனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. காஸ் சிலிண்டர், ரயில் டிக்கெட், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாமே அதற்குள் போய்விட்டன. அது ஒருநாள் கையில் இல்லாமல் போனால் அடுத்து என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை.

போன் திருடு போனால் முதலில் என்ன செய்வோம்? நண்பரின் போனை வாங்கி நம் நம்பருக்கே திரும்பத் திரும்ப அடிப்போம். சுவிட்ச் ஆஃப் என்று வரும்வரை ஓயமாட்டோம். அப்புறம் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில்தான் சிம்மைப் பற்றி யோசிப்போம். இந்த வரிசையே தப்பு. திருடியவருக்குப் போனைவிட சிம்தான் லாபம். அதைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் உங்களுக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் அவருக்கு வரும். அதனால் முதல் வேலை சிம்மை முடக்குவது. இரண்டாவது, வங்கிக்குச் சொல்லி யுபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்துவது. பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைப்பது. புகார் அதன் பிறகு. அந்தப் புகாரின் நகலை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண் வேண்டும். போன் கையில் இருக்கும்போதே *#06# அடித்துப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் அது. தொலைந்த பிறகு அட்டைப்பெட்டியைத் தேடி அலமாரியைக் கலைப்பவர்கள்தான் அதிகம்.

டூப்ளிகேட் சிம் வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. மோசடியைத் தடுக்க, புது சிம் உயிர்பெற்ற முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. அதாவது ஒரு முழு நாள் ஓடிபி கிடையாது. நல்ல விதிதான். ஆனால் வெளியூரில் லாட்ஜில் நிற்பவருக்கு அந்த ஒரு நாள் ரொம்ப நீளம்.

போன் கவருக்குள் டெபிட் கார்டைச் செருகி வைக்கும் பழக்கத்தையும் இன்றே விட்டுவிடலாம். பஸ்ஸில் பர்ஸ் எடுக்க வேண்டாம், கைக்கு வசதி என்று பலரும் செய்கிறார்கள். யுபிஐ பின்னை மாற்ற கார்டின் கடைசி ஆறு எண்கள், காலாவதி மாதம், ஓடிபி போதும். சில வங்கிகள் மட்டும் ஏடிஎம் பின்னையும் கேட்கும். போன், சிம், கார்டு மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டு அப்புறம் வங்கியைத் திட்டி என்ன பயன்?

சிம்முக்கென்று தனிப் பூட்டு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. செட்டிங்ஸில் சிம் லாக் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் வேறு போனில் சிம்மைச் செருகினாலும் நான்கு இலக்க எண் கேட்கும். ஆனால் ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். ஆரம்ப எண் எது என்று கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கூடவே, பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைத்துவிடுங்கள். பூட்டைத் திறக்காமலே ஓடிபியைப் படிக்க முடிந்தால் பூட்டு எதற்கு?

அப்பா அம்மாவின் எல்லாக் கணக்குக்கும் பிள்ளையின் நம்பரைக் கொடுப்பது அன்பினால் செய்யும் தவறு. சிலிண்டரோடு வாசலில் நிற்பவர் எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைக் கேட்கிறார். அது பெங்களூரில் இருக்கும் மகன் போனுக்குப் போயிருக்கிறது. அவர் மீட்டிங்கில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. "அப்போ நாளைக்கு வரேம்மா" என்று சிலிண்டர் திரும்பப் போகிறது. சிலிண்டராவது நாளைக்கு வந்துவிடும். ஆதாரிலும் பென்ஷன் வங்கிக் கணக்கிலும் இதே நிலை என்றால், சொந்தப் பணத்தைத் தொடக்கூட அவர்கள் மகனின் ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு சாதாரண பட்டன் போன், அதில் அவர்கள் பெயரிலேயே ஒரு சிம், இது போதும். இணையம் இல்லாமல் *99# வழியாகப் பணம் அனுப்பும் வசதிகூட அதில் உண்டு. வங்கியில் பதிந்த எண்ணாக இருந்து, கொஞ்சம் சிக்னலும் இருந்தால் சரி.

அந்தப் பட்டன் போனுக்கு ரீசார்ஜ் செய்ய மறப்பது தனித் தவறு. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம். அதன்பின் குறைந்தது இன்னொரு 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்ட விஷயம் இது. பழைய நம்பரை விட்டுவிட்டுப் புதுசுக்கு மாறுகிறவர்கள் வங்கி, ஆதார், ஜிமெயில், எல்ஐசி என்று ஒவ்வொன்றிலும் மாற்றி முடித்த பிறகுதான் பழையதைக் கைவிட வேண்டும். "நாலு மாசமா யார் யாரோ கிரெடிட் கார்டு மெசேஜ் வருதுங்க" என்று புலம்புபவர்கள் கையில் இருப்பது இப்படி விடப்பட்ட எண்தான்.

ஜிமெயில் என்றதும் ஒன்று. அதைத் திறக்க ஓடிபி, ஓடிபி வர போன், போன் தொலைந்தால் அதைத் தேட அதே ஜிமெயில். இந்த வட்டத்துக்குள் மாட்டாமல் இருக்க, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், ஓடிபிக்குப் பதிலாகப் போட்டு உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகள் பத்து கிடைக்கும். பிரிண்ட் எடுத்து பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைக்காதீர்கள். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள்.

பர்ஸில் எப்போதும் சில நூறு ரூபாயாவது சில்லறை நோட்டுகளாக இருக்கட்டும். கணவன், மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால் ஒருவர் மாறிக்கொள்ளலாம். ஒன்றில் சிக்னல் போனாலும் மற்றதில் இருக்க வாய்ப்புண்டு. அப்புறம் ஒரு சின்ன அட்டை: வீட்டார் நம்பர் நான்கு, வங்கியின் அவசர எண், சிம் நிறுவனத்தின் கஸ்டமர் கேர், ஐஎம்இஐ. பாஸ்வேர்டையும் பின்னையும் மட்டும் அதில் எழுத வேண்டாம்.