மோட்லராய்ட் போனால் ஓடையிலிருந்து தொடங்குங்கள்

பெர்லின் சுவரைப் பார்த்தவர்கள் ஜெர்மனியின் மோட்லராய்ட் கிராமத்தையும் பார்த்துவிடுங்கள். ஐம்பது பேர் அளவில் வாழும் சிற்றூர். அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முன் டான்பாக் ஓடைக்கரையில் நில்லுங்கள். எளிதில் தாண்டிவிடலாம், அவ்வளவு சிறியது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தபோது கிழக்கு ஜெர்மனிக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இந்த ஓடைதான் எல்லை. 1966இல் கிழக்கு ஜெர்மனி அரசு இதையொட்டி 700 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பியது. கிழக்குக் கரைக்காரர் எதிர்க்கரை உறவினருக்குக் கையசைக்கவும் தடை! 1989 டிசம்பர் 9 அன்றுதான் வழி திறந்தது. சுவரின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது.

ஊர் இன்றும் இரண்டு மாநிலங்களில்தான் இருக்கிறது. பவேரியப் பக்கம் 'க்ரூஸ் காட்', துரிங்கியப் பக்கம் 'கூட்டன் டாக்' என்று வணக்கம் சொல்லுங்கள். பக்கத்து நகரம் ஹோஃப்; அங்கிருந்து கார் வசதி. கிராமத்தில் கடைகளை நம்பாமல் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.