முடிவிலாப் பெருக்குத் தொடர் ஒருங்குமா என்று கண்டறிந்து அதன் கூடுதலைக் காணும் முறை

ஒவ்வோர் உறுப்பையும் பொது விகிதம் எனப்படும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்த உறுப்பைப் பெற்று, முடிவின்றி நீளும் தொடரே முடிவிலாப் பெருக்குத் தொடர். அதன் கூடுதலைத் தரும் சூத்திரம் ஒரே வரியில் அடங்கும்: 1-லிருந்து பொது விகிதத்தைக் கழித்து, வரும் எண்ணால் முதல் உறுப்பை வகுக்க வேண்டும். இதை நினைவில் வைப்பது எளிது. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பாராமல் பயன்படுத்திவிடுவது அதைவிட எளிது. 1 + 2 + 4 + 8 + … என்ற தொடரில் முதல் உறுப்பு 1, பொது விகிதம் 2. இவற்றைச் சூத்திரத்தில் இட்டால் 1 ÷ (1 − 2), அதாவது −1 என்று விடை வருகிறது. மிகை எண்களை மட்டுமே கூட்டிக்கொண்டு போகும் தொடருக்குக் குறை எண் விடையாக வந்தால், பிழை வகுத்தலில் இல்லை, சூத்திரம் செல்லாத இடத்தில் அதைச் செலுத்தியதில் இருக்கிறது. எந்த எண்ணைக் கொடுத்தாலும், பொது விகிதம் 1 ஆக இல்லாதவரை, சூத்திரம் ஏதோ ஒரு விடையைச் சொல்லத்தான் செய்யும். ஆகவே தொடர் ஒருங்குகிறதா, அதாவது உறுப்புகளைக் கூட்டக் கூட்ட ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்குகிறதா என்பதை முதலில் சோதித்து, அது உறுதியான பிறகே கூடுதலைக் கணக்கிட வேண்டும்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது பெருக்குத் தொடர்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் அதற்கு முந்தைய உறுப்பால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் கிடைக்க வேண்டும். அந்த எண்ணே பொது விகிதம். முதல் இரண்டு உறுப்புகளை மட்டும் வகுத்துப் பார்த்து நின்றுவிடக் கூடாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரில் முதல் விகிதம் 1/2, அடுத்தது 2/3, அதற்கடுத்தது 3/4. விகிதம் மாறிக்கொண்டே போவதால் இது பெருக்குத் தொடர் அன்று. இங்கே சொல்லப்படும் முறை எதுவும் இதற்குப் பொருந்தாது. உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனாலும் இத்தொடர் எந்த எண்ணிலும் நிலைகொள்வதில்லை என்பதை 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் நிறுவிவிட்டார்.

பெருக்குத் தொடர் என்று உறுதியானதும், பொது விகிதத்தின் குறியை விட்டுவிட்டு அதன் அளவை மட்டும், அதாவது மட்டு மதிப்பை மட்டும், பார்க்க வேண்டும். அது 1-ஐவிடச் சிறியதாக இருந்தால் தொடர் ஒருங்கும். 1 ஆகவோ அதைவிடப் பெரியதாகவோ இருந்தால் விரியும், அதாவது எந்த எண்ணிலும் நிலைகொள்ளாது. முதல் உறுப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இம்முடிவு மாறாது. அது சுழி ஆகாமல் இருந்தால் போதும்.

இந்த விதி எங்கிருந்து வருகிறது என்று அறிந்துகொண்டால் அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. தொடரின் முதல் சில உறுப்புகளை மட்டும் கூட்டி, அதைப் பகுதிக் கூடுதல் என்று கொள்வோம். அதைப் பொது விகிதத்தால் பெருக்கினால் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு அடுத்த உறுப்பாக மாறிவிடுகிறது. பழைய கூடுதலிலிருந்து புதியதைக் கழிக்கும்போது இடையில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, முதல் உறுப்பும் கடைசியில் புதிதாகத் தோன்றிய உறுப்பும் மட்டுமே எஞ்சுகின்றன. இதிலிருந்து, பகுதிக் கூடுதல் = முதல் உறுப்பு × (1 − விகிதத்தின் அடுக்கு) ÷ (1 − விகிதம்) என்று கிடைக்கிறது; அடுக்கு என்பது எத்தனை உறுப்புகளைக் கூட்டினோமோ அத்தனை முறை விகிதத்தைத் தன்னோடு பெருக்கியது. உறுப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்த வாய்பாட்டில் மாறுவது அந்த அடுக்கு ஒன்றுதான். விகிதத்தின் அளவு 1-ஐவிடச் சிறியதானால் அடுக்கு சுழியை நெருங்கி மறைந்துவிட, நமக்குத் தெரிந்த சூத்திரம் மிஞ்சுகிறது. பெரியதானால் அடுக்கு கட்டுக்கடங்காமல் வளர்கிறது.

எல்லையில் நிற்கும் இரண்டு நிலைகளைத் தனியே பார்க்க வேண்டும். விகிதம் 1 என்றால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டுகிறோம். விகிதம் −1 என்றால் 1 − 1 + 1 − 1 + … போன்ற தொடர் வரும். அதன் பகுதிக் கூடுதல்கள் 1, 0, 1, 0 என்று தாவிக்கொண்டே இருக்கும், எதிலும் நிலைகொள்ளாது. இத்தாலியின் குவிதோ கிராந்தி 1703-இல் இத்தொடரைப் பற்றி எழுதியதும், இதன் மதிப்பு 1/2 என்று லைப்னிட்ஸ் வாதிட்டதும் கணித வரலாற்றில் பெயர்பெற்றவை. சூத்திரமும் 1/2 என்றே சொல்லும். ஆனால் பகுதிக் கூடுதல்கள் நெருங்கும் எண்ணே (எல்லையே) கூடுதல் என்ற இன்றைய வரையறையின்படி இத்தொடர் விரிகிறது. தேர்வில் எழுத வேண்டிய விடையும் அதுவே.

குறை விகிதம் கண்டு தயங்க வேண்டியதில்லை. 6 − 4 + 8/3 − 16/9 + … என்ற தொடரில் பொது விகிதம் −2/3. அதன் அளவு 2/3 என்பதால் தொடர் ஒருங்குகிறது. கூடுதல் 6 ÷ (1 + 2/3) = 18/5, அதாவது 3.6. வகுக்கும் எண்ணில் கூட்டல் குறி வந்ததைக் கவனிக்க வேண்டும். கழித்தலுக்குள் இருக்கும் கழித்தலை மறப்பதால்தான் இவ்வகைக் கணக்குகள் பெரும்பாலும் தவறுகின்றன. விடையைச் சரிபார்க்க, பகுதிக் கூடுதல்கள் 6, 2, 4.67, 2.89 என்று 3.6-க்கு மேலும் கீழுமாக மாறி மாறி விழுவதைப் பார்த்தால் போதும்.

உறுப்புகளை எழுதிக் காட்டாமல் பொது உறுப்பை மட்டும் கொடுத்திருந்தால், உறுப்பின் வரிசை எண்ணை ‘ந’ என்று கொண்டு முதல் இரண்டு மூன்று உறுப்புகளை நாமே எழுதிக்கொள்வது நல்லது. 2-இன் (ந + 1)-ஆம் அடுக்கை 5-இன் ந-ஆம் அடுக்கால் வகுப்பதே பொது உறுப்பு, ‘ந’ 1-லிருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதிப் பார்த்தால் 4/5, 8/25, 16/125 என்று வரும். முதல் உறுப்பு 4/5, விகிதம் 2/5, கூடுதல் 4/5 ÷ 3/5 = 4/3. எழுதிப் பாராமல் முதல் உறுப்பை 1 என்றோ 2 என்றோ ஊகிப்பவர்கள் விகிதத்தைச் சரியாகக் கண்டும் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

விகிதத்தில் மதிப்புத் தெரியாத எழுத்து (மாறி) இருக்கும் கணக்குகளில் சோதனையே ஒரு சமனிலியாக மாறிவிடும். முதல் உறுப்பு 1, விகிதம் 2க − 3 என்றால், 2க − 3 என்பது −1-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆகவே ‘க’ 1-க்கும் 2-க்கும் இடையில், இரு முனைகளையும் தொடாமல், இருந்தால் மட்டுமே தொடர் ஒருங்கும். அப்போது கூடுதல் 1 ÷ (4 − 2க). இந்த இடைவெளியைக் குறிப்பிடாமல் கூடுதலை மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது.

மீளும் தசமங்களைப் பின்னமாக்குவதும் இதே வேலைதான். 0.1363636… என்பதில் 0.1 தனியே நிற்கிறது; மீதி 0.036 + 0.00036 + … என்ற தொடர், விகிதம் 1/100. அதன் கூடுதல் 0.036 ÷ 0.99 = 2/55. இத்துடன் 1/10-ஐச் சேர்த்தால் 3/22.

முன்னால் நிற்கும் உறுப்பைத் தனியே எடுத்து வைக்கும் இந்த உத்திக்கு, சுவீடனின் ஹெல்கே ஃபான் கோக் 1904-இல் வெளியிட்ட வளைகோட்டிலிருந்து பிறக்கும் பனித்துகள் வடிவம் அருமையான எடுத்துக்காட்டு. ஒரு சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியின் மேல் வெளிநோக்கி ஒரு சிறு சமபக்க முக்கோணத்தை எழுப்ப வேண்டும். கிடைக்கும் வடிவத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதையே முடிவின்றிச் செய்துகொண்டு போக வேண்டும். தொடக்க முக்கோணத்தின் பரப்பு 1 என்றால், முதல் சுற்றில் 1/9 பரப்புள்ள மூன்று முக்கோணங்களும் இரண்டாம் சுற்றில் 1/81 பரப்புள்ள பன்னிரண்டும் சேர்கின்றன. மொத்தப் பரப்பு 1 + 1/3 + 4/27 + 16/243 + … ஆகும். முதல் விகிதம் 1/3, அடுத்தவை எல்லாம் 4/9. எனவே முழுத் தொடரும் பெருக்குத் தொடர் அன்று, ஆனால் 1-ஐ ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது பெருக்குத் தொடர். அதன் கூடுதல் 1/3 ÷ 5/9 = 3/5; ஆகவே மொத்தப் பரப்பு 8/5. சுற்றளவைக் கணக்கிட்டால் கதை வேறு. ஒவ்வொரு சுற்றிலும் அது 4/3 மடங்காகிறது. பக்கம் 1 என்று கொண்டால் சுற்றளவு 3 + 1 + 4/3 + 16/9 + … என்று வளர்கிறது. இங்கேயும் 3-ஐ ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விகிதம் 4/3 என்பதால் தொடர் விரிகிறது. ஒரே வடிவத்தில் பரப்பு வரம்புக்குள் அடங்க, சுற்றளவு அடங்காமல் போகிறது.

கூடுதல் கிடைத்தபின் அதைக் கணிப்பானில் சரிபார்க்க விரும்புகிறவர்கள், எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் போதும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு உறுப்புகளைக் கூட்டிய பின் மீதியிருப்பது, முழுக் கூடுதலை விகிதத்தின் அதே அடுக்கால் பெருக்கியதற்குச் சமம். முதல் உறுப்பு 1, விகிதம் 1/2 என்றால் 11 உறுப்புகளிலேயே மீதி 1/1000-க்குக் கீழே இறங்கிவிடும். விகிதம் 9/10 என்றால் அதே நெருக்கத்துக்கு 88 உறுப்புகள் வேண்டும். 99/100 என்றால் 1146. ஆகவே விகிதம் 1-க்கு மிக அருகில் இருக்கும்போது, பத்து இருபது உறுப்புகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, விடையை நெருங்கவில்லையே என்று தொடரை விரிவதாக முடிவு கட்டிவிடக் கூடாது.