மலையடிவாரத்துல தனியா வாழணுமா, தண்ணியில இருந்து ஆரம்பிங்க

சிறுமலை அடிவாரம் மாதிரி ஒரு இடத்துல சின்ன வீடு போட்டு தனியா எளிமையா இருக்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல அது பட்டா நிலமான்னு பாருங்க. காப்புக்காட்டுக்குள்ள குடிசை போட்டா கேஸ் ஆகும், ஆகவும் வேணும், அது காட்டுமாட்டுக்கு உள்ள இடம்.

அடுத்து தண்ணி. மார்கழியில பாத்தா எல்லா இடமும் பச்சையா அழகாத்தான் இருக்கும், அதனால சித்திரையில போய் கிணத்த எட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. என்னக் கேட்டா கூரைத் தண்ணிய நம்பலாம், ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1 லிட்டர், 10 அடிக்கு 20 அடி தகரக் கூரைனா 50 மில்லிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் கிட்ட வரும், குடிக்க சமைக்க நாளுக்கு 6 லிட்டர்னு வச்சா ஒரு ஆளுக்கு நாலஞ்சு மாசம் ஓடும். முதல் மழைத் தண்ணிய மட்டும் வெளிய விட்டுடுங்க, கூரையில இருக்குற எச்சம், தூசி எல்லாம் அதோட போயிடும். ஓடைத் தண்ணி கலங்கலா இருந்தா தேத்தாங்கொட்டைய பானை உள்பக்கம் உரசி விட்டா மண்ணு அடியில தங்கிடும், ஆனா கிருமி சாகாது, கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.

சாப்பாட்டுக்கு பெருசா யோசிக்க வேணாம். உமி நீக்காத சாமை நாள்பட இருக்கும், தேவைக்கு குத்திக்கலாம், வாசல்ல ஒரு முருங்கைப் போத்து நட்டு வைங்க.

ராத்திரி தரையில மட்டும் படுக்காதீங்க, இத கெஞ்சிக் கேக்குறேன். கட்டுவிரியன் ராத்திரியிலதான் சுத்தும், தூங்குறவங்கள கடிச்சா பல நேரம் வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது, விடியறப்ப கண் இமை தூக்க முடியாம சொருகும், அப்புறம் மூச்சு. கட்டில் போட்டு கொசுவலைய மெத்தைக்கு அடியில சுத்தி சொருகிட்டு படுங்க, விறகுக் கட்ட வீட்டு சுவத்துல சாய்க்காதீங்க. கடிச்சிருச்சுனா கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, ஓடாதீங்க, 108க்கு அடிங்க. விஷமுறிவு மருந்து பக்கத்துல எந்த ஜிஎச்ல இருக்குன்னு குடி போறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க, போன் சார்ஜுக்கு ஒரு சின்ன சோலார் பேனல் போதும்.

அப்புறம் ஊருக்குள்ள டீக்கடைக்காரர் கிட்டயோ பால்காரர் கிட்டயோ பேசி வைங்க, ரெண்டு நாள் ஆளக் காணோம்னா அண்ணே வந்து ஒரு எட்டு பாத்துருங்கன்னு சொல்லி வீட்டு சாவி ஒண்ணும் அவர்கிட்ட குடுத்துருங்க.