காலில் அடைப்பு நீக்கிய பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடைபட்ட கால் தமனியை பலூன் வைத்து விரித்து, குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டும் பொருத்தியாயிற்று. ஆஞ்சியோகிராம் படத்தில் ரத்தம் பாதம்வரை பாய்வது தெரிகிறது. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

தோலுக்கும் தசைக்கும் ஆக்சிஜனைக் கொடுப்பவை தந்துகிகள் எனும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். அவற்றின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். சிவப்பணுக்கள் நெளிந்து வளைந்து, ஒவ்வொன்றாகத்தான் நுழைய முடியும். ஆஞ்சியோகிராமில் இவை தெரியாது. மாதக்கணக்கில் ரத்தம் போதாமல் இருந்த காலில், அவற்றுக்கு முந்தைய சிறு தமனிகள் கிடைப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ள விரிந்தே கிடந்து, சுருங்கி விரியும் பழக்கத்தை இழந்திருக்கும். பெரிய குழாயை ஒரே நாளில் திறந்துவிடலாம். ஆனால் தோலில் ஆக்சிஜன் அளவு ஏறிச் சீராக நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். அதனால் புண் உடனே ஆறவில்லை என்று சிகிச்சையையே குறை சொல்லி, கட்டுப்போடப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

வீக்கத்தைப் பார்த்து அலறுவதும் தவறு, அலட்சியப்படுத்துவதும் தவறு. கட்டுப்பாடு இழந்த சிறு குழாய்களுக்குள் திடீரென முழு அழுத்தத்தில் ரத்தம் பாயும்போது நீர் வெளியே கசியும். முக்கியமாக பைபாஸ் அறுவைக்குப் பிறகு கால் வீங்குவது சகஜம். இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஏனென்றால் சிரையில் ரத்தம் உறைந்தாலும் கால் இப்படித்தான் வீங்கும். கெண்டைக்கால் கல் போல இறுகித் தாங்க முடியாமல் வலித்தாலோ, கால் திடீரெனக் குளிர்ந்து வெளுத்து மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. சில மணி நேரத்தில் காலே போய்விடலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கணுக்கால் அழுத்தத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்கும் அந்தக் கணக்கில் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்பார்கள். தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால் குழாய் அழுந்தாது, எண் பொய்யாக உயர்ந்து காட்டும். கால் விரலில் அழுத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது கடினம்.

பாதம் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சுடுவதே தெரியாமல் கொப்புளம் கிளம்பிவிடும். சாக்ஸ் போதும்.

புகைபிடித்தல் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். ரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்துகிறது. புகை அந்தச் சுரப்பையே கெடுக்கிறது. வலி போய்விட்டதென்று ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

கடைசியாக, பயந்துகொண்டு நடக்காமல் இருப்பது. பாதத்தில் புண் இல்லை, மருத்துவரும் சரி என்றுவிட்டார் என்றால், கெண்டைக்காலில் மிதமான வலி வரும்வரை நடங்கள். உட்கார்ந்து வலி அடங்கியதும் மறுபடி நடங்கள். இப்படி ஓய்வு நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று முறை, குறைந்தது 12 வாரம். சிறு குழாய்களின் உள்சுவருக்கு இந்த நடை தரும் பயிற்சியை ஸ்டென்ட் தராது.