ஆள் தேவையா? முதலில் போதனாசிரியரிடம் சொல்லுங்கள்

கடைக்கோ விடுதிக்கோ ஆள் தேவையென்றால், விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் வெற்றிடத்தை ஒரு பக்கத்தில் எழுதி, திருகோணமலையில் அந்தத் தொழிலைக் கற்பிக்கும் போதனாசிரியரிடம் நேரில் கொடுங்கள். தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையம் இரண்டிலும் கேட்கலாம். இன்னொரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது.

விளம்பரம் பார்த்து வருபவரின் கடிதம்தான் நமக்குத் தெரியும். போதனாசிரியருக்கோ மாணவரின் கை தெரியும். யார் நேரத்துக்கு வருகிறார், யார் வயரைச் சீவும்போது அவசரப்படுகிறார் என்று மாதக்கணக்கில் பார்த்தவர் அவர். என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் திறனைச் சொல்லும், பொறுப்பை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் சம்பளத்தை மறைக்காதீர்கள். வேலை நேரம், சாப்பாடு, ஊழியர் சேமலாப நிதி எல்லாம் இருக்கட்டும். நிலாவெளியில் இரவு 9 மணிக்கு வேலை முடியுமென்றால், வீடு திரும்ப என்ன ஏற்பாடு என்பதையும் எழுதுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டார் முதலில் கேட்பது அதைத்தான்.

அனுபவமுள்ள முகாமையாளரோ கணக்காளரோ தேவையென்றால் இந்த வழி உதவாது. நாளைக்கே ஆள் வேண்டும் என்றாலும் அப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரையான சுற்றுலாப் பருவத்துக்கு ஆள் தேடுபவர்கள் பெப்ரவரியிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள்.